கடிகாரக் கடை வீட்டின் குடும்ப ஜெபம்

1944, பிப்ரவரி 28. நெதர்லாந்தின் ஹார்லெம் நகரக் காவல் நிலையம். நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ பிடித்துக்கொண்டு வந்த முப்பது பேர் வரை ஒரு கூடத்தின் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே நீண்ட வெள்ளைத் தாடியோடு 84 வயதுப் பெரியவர் ஒருவர். பெயர் காஸ்பர் டென் பூம். ஊருக்கெல்லாம் கடிகாரம் பழுதுபார்த்துக் கொடுத்தவர். மகன், மகள்கள், பேரன் என்று குடும்பமே அவரைச் சுற்றி இருக்கிறது.

இரவாகிவிட்டது. வீட்டில் இருந்திருந்தால் இந்நேரம் அவர் கையில் வேதாகமம் இருந்திருக்கும். ஒரு பகுதியை வாசித்து, ஜெபம் செய்து, ஒவ்வொருவரையும் ஆசீர்வதித்துவிட்டுத்தான் படுக்கப் போவார். பல பத்து வருடங்களாக ஒரு நாளும் தவறாத வழக்கம் அது. ஆனால், இன்று புத்தகம் வீட்டு அலமாரியிலேயே இருந்துவிட்டது.

பெரியவர் கலங்கவில்லை. 119-ம் சங்கீதத்திலிருந்து ஒரு பகுதியை மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினார். கடவுளே தனக்கு மறைவிடம், கடவுளே கேடயம் என்று பக்தன் நம்பிக்கையோடு சொல்லும் பகுதி. கூடத்தில் இருந்தவர்கள் அவரை நெருங்கி வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

அதே நேரத்தில் அந்தக் குடும்பத்தின் வீட்டு மேல்மாடியில், ஒரு போலிச் சுவருக்குப் பின்னால், ஆறு பேர் மூச்சுச் சத்தம்கூட வெளியே கேட்காமல் பதுங்கி நின்றுகொண்டிருந்தார்கள்!

கடையும் வீடும் ஒன்று

ஹார்லெமின் பார்ட்டெல்யோரிஸ் தெருவில் இருந்த அந்தக் கடையை 1837-ல் தொடங்கியவர் காஸ்பரின் அப்பா வில்லெம். கீழே கடை, மேலே வீடு. 1844-ல் அவர் வீட்டில் ஒரு ஜெபக் கூட்டத்தை ஆரம்பித்தார். யூத மக்களுக்காகவும் எருசலேமின் சமாதானத்துக்காகவும் ஜெபிக்க நண்பர்கள் வாரந்தோறும் அங்கே கூடினார்கள். அந்த ஜெபம் தொடங்கிச் சரியாக நூறு வருடங்கள் கழித்து, யூதர்களை ஒளித்து வைத்ததற்காக அதே வீட்டில் அவருடைய மகனும் பேரப் பிள்ளைகளும் கைதானார்கள்.

காஸ்பருக்கு வளர்ந்து ஆளான பிள்ளைகள் நான்கு பேர். மூத்தவர் பெட்ஸி. அடுத்து தாத்தாவின் பெயரையே தாங்கிய வில்லெம். பிறகு நோலி. கடைக்குட்டி, 1892-ல் பிறந்த கோரி. பெட்ஸியும் கோரியும் திருமணம் செய்துகொள்ளாமல் அப்பாவோடு இருந்தார்கள். அப்பாவிடம் தொழில் பழகிய கோரி, நெதர்லாந்திலேயே கடிகாரத் தொழிலுக்கு உரிமம் பெற்ற முதல் பெண் ஆனார்.

காலைச் சாப்பாடு முடிந்ததும் மேசையைவிட்டு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். கடையில் வேலை பார்ப்பவர்களும் மேலே வந்துவிடுவார்கள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓர் அதிகாரம் வாசிப்பார். பிறகு ஜெபம். நம் ஊர் கிறிஸ்தவ வீடுகளில் ‘குடும்ப ஜெபம்’ என்று சொல்வார்களே, அதேதான். பெரிய பிரசங்கம் எதுவும் கிடையாது. அது முடிந்தவுடன் கடை திறக்கப்படும்.

ஆனால், அந்த வீட்டில் வாசிப்பு மேசையோடு முடிந்துவிடவில்லை. அதுதான் விஷயமே!

கைக்கு வந்த பணம் திரும்பிப் போனது

ஒரு சமயம் கடையில் கடுமையான பணத்தட்டுப்பாடு. கட்டியே ஆக வேண்டிய பெரிய பாக்கி ஒன்று இருந்தது. அதற்காகவும் குடும்பம் ஜெபித்திருந்தது. வசதியான வாடிக்கையாளர் ஒருவர் வந்து, விலை உயர்ந்த கைக்கடிகாரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பணத்தையும் எடுத்து நீட்டினார். கோரிக்கு நிம்மதி.

அப்போது அந்த வாடிக்கையாளர் பேச்சுவாக்கில் ஒரு குறை சொன்னார். அவர் வழக்கமாகப் போகும் கடையை இப்போது ஓர் இளைஞர் நடத்துகிறாராம். தன் பழைய கடிகாரத்தைச் சரிசெய்ய அவருக்குத் தெரியவில்லையாம். காஸ்பர் அந்தப் பழைய கடிகாரத்தை வாங்கித் திறந்து பார்த்தார். சின்னக் கோளாறுதான். அங்கேயே சரிசெய்து கொடுத்தார். அந்த இளைஞர் நல்ல தொழிலாளி, அவர் கடையைக் கைவிட வேண்டாம் என்று சொல்லி, வாங்கிய பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கோரிக்கு வந்ததே கோபம். பாக்கி கட்ட வேண்டாமா என்று அப்பாவிடம் கேட்டார். இன்னொருவரின் பிழைப்பைக் கெடுத்து வரும் பணத்தில் கடவுளின் பெயர் மகிமைப்படுமா என்பதுதான் அப்பாவின் கவலையாக இருந்தது. காலையில் வாசித்ததை மதியம் கல்லாப்பெட்டி முன்னால் நடத்திக் காட்டிய மனிதர் அவர்.

கோரி சிறுமியாக இருந்தபோது நடந்த இன்னொரு சம்பவம். பக்கத்து வீடு ஒன்றில் இறந்துபோன குழந்தையைப் பார்த்துவிட்டு வந்த கோரி, அப்பாவும் ஒரு நாள் இறந்துவிடுவாரோ என்று இரவெல்லாம் அழுதாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டார். இருவரும் ஆம்ஸ்டர்டாமுக்கு ரயிலில் போகும்போது அவளுடைய டிக்கெட்டை அவர் எப்போது கொடுப்பார்? ரயில் ஏறுவதற்குச் சற்று முன்புதான் என்றாள் கோரி. தேவைப்படும் பலத்தையும் கடவுள் அப்படித்தான் தருவார், முன்கூட்டியே தர மாட்டார் என்று அப்பா விளக்கினார். அந்த டிக்கெட் எத்தனை முறை தேவைப்படப் போகிறது என்று அன்று அவளுக்குத் தெரியாது.

கதவைத் தட்டிய பெண்

1940 மே மாதம் ஹிட்லரின் படை நெதர்லாந்துக்குள் நுழைந்தது. ஐந்தே நாளில் நாடு வீழ்ந்தது. மெல்ல மெல்ல யூதர்கள் கடைகளிலிருந்தும் பூங்காக்களிலிருந்தும் ஒதுக்கப்பட்டார்கள். சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் குத்திக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. பிறகு ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள்.

1942 மே மாதத்தில் ஓர் இரவு, கையில் பெட்டியோடு ஒரு பெண் கடிகாரக் கடைக் கதவைத் தட்டினார். தான் யூதப் பெண் என்றும், கணவர் கைதாகிவிட்டார், மகன் தலைமறைவாகிவிட்டான் என்றும் சொன்னார். யூதர்களுக்கு இந்த வீடு உதவும் என்று யாரோ சொல்லக் கேட்டு வந்திருந்தார். காஸ்பர் யோசிக்கவே இல்லை. கடவுளின் மக்களுக்கு இந்த வீட்டில் எப்போதும் இடம் உண்டு என்று சொல்லி உள்ளே அழைத்தார்.

அதன்பின் வந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. சிலர் ஓரிரு நாள் தங்கி, கிராமப்புறப் பண்ணை வீடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். எந்த இடமும் கிடைக்காதவர்கள் இங்கேயே தங்கினார்கள். உணவுக்கு ரேஷன் அட்டை வேண்டும். யூதர்களுக்கு அட்டை கிடையாது. ரேஷன் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவரைத் தேடிப்போன கோரி, நூறு அட்டைகள் வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்தார். வீட்டின் உச்சியில் இருந்த கோரியின் படுக்கையறையில் செங்கல் சுவர் ஒன்று எழுப்பப்பட்டது. சுவருக்குப் பின்னால் ஆட்கள் நிற்கும் அளவுக்கு ஓர் ஒடுக்கமான இடம். துணி அலமாரியின் அடித்தட்டு வழியாகத் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். மணி அடித்தால் எவ்வளவு விரைவில் எல்லோரும் உள்ளே போய் மறைகிறார்கள் என்று ஒத்திகையும் நடந்தது.

இதற்கு நடுவே ஒரு நாள், ஊரைத் தள்ளி வாழ்ந்த போதகர் ஒருவர் கடிகாரம் ரிப்பேர் செய்ய வந்தார். அவர் வீடு மறைந்து வாழத் தோதான இடம் என்று கோரிக்குத் தோன்றியது. ஒரு யூதத் தாயையும் அவருடைய பச்சிளம் குழந்தையையும் ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டார். ஒரு யூதக் குழந்தைக்காகத் தங்கள் உயிரை ஆபத்தில் வைக்க முடியாது என்று போதகர் மறுத்துவிட்டார். காஸ்பர் அந்தக் குழந்தையை வாங்கித் தன் தோளோடு அணைத்துக்கொண்டார். இந்தக் குழந்தைக்காக உயிர் போனால் அது தங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த பெரிய கௌரவம் என்றார்.

போதகரும் வேதம் படித்தவர்தான். கடிகாரக்காரரும் வேதம் படித்தவர்தான்!

ஒரே மேசை, இரண்டு முடிவுகள்

ஒரே வேதத்தை வாசித்த குடும்பம் என்பதால் எல்லோரும் ஒரே மாதிரி முடிவெடுத்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டில் பெரிய வாக்குவாதங்களும் நடந்தன.

திருமணமாகித் தனியாக வசித்த நோலி, எந்த நிலையிலும் பொய் சொல்லக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். அவர் வீட்டிலும் ஒரு யூதப் பெண் மறைந்து வாழ்ந்தார். பொன்னிறத் தலைமுடி கொண்ட அந்தப் பெண்ணைப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒரு நாள் போலீஸ் வந்து, இவள் யூதப் பெண்ணா என்று நேருக்கு நேர் கேட்டது. நோலி ஆமாம் என்று சொல்லிவிட்டார். இருவரும் கைதானார்கள்.

கோரி கொதித்துப் போனார். ரகசியமாக வாங்கிய ரேஷன் அட்டையும் ரகசிய அறையும் வைத்திருக்கிற கோரிக்கு, உயிரைக் காப்பாற்றப் பொய் சொல்வது தவறாகத் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தீங்கு வராது என்று நோலி சிறையிலிருந்து சொல்லி அனுப்பியபோது கோரியால் அதை ஏற்கவே முடியவில்லை. சில நாள்களில் எதிர்ப்புப் படையினர் அந்தப் பெண் அடைக்கப்பட்டிருந்த இடத்தை உடைத்துப் பலரை விடுவித்தார்கள். அவர்களில் அந்தப் பெண்ணும் இருந்தார்.

அதனால் நோலி சொன்னதே சரி என்று கோரி மாறிவிடவில்லை. பின்னாளில் வீட்டுக்குள் கெஸ்டபோ புகுந்து, யூதர்கள் எங்கே என்று கன்னத்தில் அறைந்தபோதும், அப்படி யாரும் இங்கே இல்லை என்றுதான் கோரி சொன்னார். தினசரி வாசிப்பு எல்லாக் கேள்விக்கும் ஆயத்த விடை கொடுத்துவிடவில்லை. ஆனால், யாரைக் காக்க வேண்டும் என்பதில் அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

கடிகாரங்கள் பத்திரம்

காட்டிக்கொடுத்தவர் ஒரு டச்சுக்காரர்தான். சோதனை நடந்த அன்று கோரி கடும் காய்ச்சலில் படுத்திருந்தார். கெஸ்டபோ வீட்டையே புரட்டிப் பார்த்தும் அந்த ரகசிய அறை சிக்கவில்லை.

காஸ்பரின் முதுமையைப் பார்த்த அதிகாரி ஒருவர், இனி தொந்தரவு கொடுக்க மாட்டேன் என்று உறுதி சொன்னால் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறேன் என்றார். இன்று வீட்டுக்குப் போனால், நாளை உதவி கேட்டுக் கதவைத் தட்டுகிறவருக்குத் திரும்பவும் கதவைத் திறப்பேன் என்றார் பெரியவர். அடுத்த பத்தே நாளில், மார்ச் 9 அன்று, சிறைக் காவலிலேயே அவர் உயிர் பிரிந்தது.

ஷெவனிங்கன் சிறையில் தனி அறையில் அடைக்கப்பட்ட கோரிக்கு இது தெரியாது. பேச ஆள் இல்லை. ஓர் எறும்பு வந்தால்கூட அதற்கு ரொட்டித் துணுக்கு வைத்துத் தோழமை கொண்டாடும் நிலை. இரக்கமுள்ள ஒரு செவிலியர் ரகசியமாகக் கொடுத்த நான்கு சுவிசேஷப் புத்தகங்கள்தான் துணை. பிறகு நோலியிடமிருந்து ஒரு பொட்டலம் வந்தது. அப்பா இறந்த செய்தி அதன் பிறகு வந்த கடிதத்தில்தான் இருந்தது. பொட்டலத்தின் மேல் முகவரி எழுதிய விதம் ஏதோ வித்தியாசமாகத் தெரிய, கோரி ஈரப்படுத்தித் தபால்தலையை உரித்துப் பார்த்தார். அடியில் பொடி எழுத்தில் ஒரு தகவல். அலமாரியில் இருந்த கடிகாரங்கள் எல்லாம் பத்திரம்!

அந்த ஆறு பேரும் உயிரோடு மீட்கப்பட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

தெள்ளுப்பூச்சிக்கு நன்றி

1944 செப்டம்பரில் பெட்ஸியும் கோரியும் ஜெர்மனியின் ராவன்ஸ்ப்ரூக் பெண்கள் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அப்போது பெட்ஸிக்கு 59 வயது, கோரிக்கு 52. உடைமைகள் எல்லாவற்றையும் பறித்துக்கொண்ட சோதனையில், உடைக்குள் மறைத்து வைத்த சிறிய வேதாகமம் மட்டும் எப்படியோ தப்பி உள்ளே வந்துவிட்டது.

அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட கொட்டடியில் நாற்றமடிக்கும் வைக்கோல் பலகைகள். ஏறிப் படுத்ததும் உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சிக் கடி. இங்கே எப்படி இருப்பது என்று கோரி கதறினார். பெட்ஸி அக்கா, அன்று காலையில் தாங்கள் வாசித்த பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். தெசலோனிக்கேயருக்கு பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 5-ம் அதிகாரம். எல்லா நிலையிலும் நன்றி சொல்லும்படி அதில் வருகிறது.

பெட்ஸி உடனே நன்றி சொல்லத் தொடங்கிவிட்டார். இருவரும் பிரிக்கப்படாமல் ஒரே இடத்தில் இருப்பதற்கு நன்றி. வேதாகமம் கையில் இருப்பதற்கு நன்றி. நெருக்கியடித்துக் கிடக்கும் இத்தனை பெண்களுக்காக நன்றி. கடைசியில், தெள்ளுப்பூச்சிக்கும் நன்றி! அக்கா சொல்வது தப்பு என்றே கோரிக்குப் பட்டது. பூச்சிக்கு யாராவது நன்றி சொல்வார்களா?

வேலை முடிந்து திரும்பும் மாலைகளில், மங்கலான விளக்குக்கு அடியில் அக்காவும் தங்கையும் வேதாகமத்தைத் திறந்தார்கள். டச்சு மொழியில் இருந்த வசனத்தை ஜெர்மன் மொழியில் சொல்வார்கள். அதை ஒருவர் பிரெஞ்சில் சொல்ல, இன்னொருவர் போலிஷில் சொல்ல, ரஷ்யன், செக் என்று படுக்கைப் பலகைகளைத் தாண்டிப் பின்வரிசை வரை அது போகும். பிடிபட்டால் கொடிய தண்டனை. ஆனால், காவலர்கள் ஒருவரும் அந்தப் பெரிய அறைக்குள் எட்டிப் பார்க்கவே இல்லை. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

ஒரு நாள் ஏதோ சந்தேகம் கேட்க மேற்பார்வையாளரை உள்ளே அழைத்தபோதுதான் காரணம் தெரிந்தது. அவர் வாசலைத் தாண்ட மறுத்துவிட்டார். உள்ளே தெள்ளுப்பூச்சி!

1944 டிசம்பர் 16 அன்று பெட்ஸி அந்த முகாமிலேயே இறந்தார். அந்த ஆண்டின் கடைசி நாள்களில் கோரி விடுதலையானார். அலுவலகத்தில் நடந்த ஒரு தவறால்தான் தனக்கு விடுதலை கிடைத்தது என்றும், தன் வயதுப் பெண்கள் அதன்பின் விஷவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள் என்றும் பிறகு தெரிந்துகொண்டார். அண்ணன் வில்லெம் சிறையில் தொற்றிய நோயால் 1946-ல் இறந்தார். வில்லெமின் மகன் முகாமிலிருந்து திரும்பவே இல்லை.

நீண்ட கை, நீளாத கை

போர் முடிந்தபின் கோரி, முகாம்களிலிருந்து மீண்டவர்களுக்கு ஒரு மறுவாழ்வு இல்லம் தொடங்கினார். அது பெட்ஸி சாகும்வரை பேசிக்கொண்டிருந்த கனவு. பிறகு நாடு நாடாகப் போய், மன்னிப்பைப் பற்றிப் பேசினார்.

1947-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரத் தேவாலயம் ஒன்றில் பேசி முடித்ததும், ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பார்த்ததுமே கோரிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ராவன்ஸ்ப்ரூக்கில் காவலராக இருந்தவர். மெலிந்துபோன பெட்ஸியோடு தான் அவர் முன்னால் கூனிக் குறுகி நடந்தது நினைவுக்கு வந்தது. தன்னைக் கடவுள் மன்னித்துவிட்டார் என்று நம்புவதாகச் சொன்ன அவர், கோரியும் மன்னிக்க வேண்டும் என்று கையை நீட்டினார்.

கோரியின் கை எழவில்லை. சற்று முன்புவரை மன்னிப்பைப் பற்றிப் பேசிய அதே கோரிதான்! மனசுக்குள் துளி அன்பும் ஊறவில்லை. கையை மட்டும் என்னால் நீட்ட முடியும், மற்றதை நீ கொடு என்று உள்ளுக்குள் ஜெபித்தார். இயந்திரம் போலக் கையை நீட்டினார். அந்தக் கைகள் சேர்ந்தபோதுதான், தோளிலிருந்து ஒரு வெப்பம் இறங்கியதுபோல இருந்ததாகவும், கண்ணீரோடு அவரை மன்னிக்க முடிந்ததாகவும் எழுதியிருக்கிறார்.

ரயில் ஏறும் நேரத்தில்தான் டிக்கெட் கிடைத்தது.

இதற்குப் பிறகு தனக்கு மன்னிப்பது எளிதாகிவிட்டது என்று கோரி சொல்லிக்கொள்ளவில்லை. வேறு சில மனிதர்கள் மேல் வந்த சின்னக் கோபங்களோடும் வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது என்றுதான் எழுதினார். அதனால்தான் மறுநாள் காலையும் அவருக்கு வேதாகமம் தேவைப்பட்டது.

ஓர் அதிகாரம், ஒரு ஜெபம்

டென் பூம் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ரகசிய அறையையும் முகாமையும்தான் அதிகம் சொல்வார்கள். ஆனால், அந்த வீட்டின் முறை மிக எளிமையானது. தினமும் ஒரே நேரம். ஒரே மேசை. ஓர் அதிகாரத்துக்கு மேல் இழுக்காத வாசிப்பு. முதலாளி, தொழிலாளி, பிள்ளைகள், விருந்தாளி என்று வித்தியாசமில்லாமல் எல்லோரும் உட்காருவார்கள். அதன்பின் ஜெபம். பிள்ளைகளுக்குச் சில நாள் சலிப்பாகவும் இருந்திருக்கும். பாதி புரிந்திருக்காது. ஆனால், புத்தகம் கையில் இல்லாத இரவில் பெரியவருக்குச் சங்கீதம் நினைவில் இருந்தது. பூச்சி கடித்த இரவில் பெட்ஸிக்குக் காலை வாசிப்பு நினைவில் இருந்தது. ஆபத்து வந்தபிறகு படித்துத் தயாராக அவர்களுக்கு அவகாசமே கிடைக்கவில்லை. அதற்கான படிப்பெல்லாம் முன்பே, சாப்பாட்டு மேசையில், ஆபத்தில்லாத நாள்களில் நடந்து முடிந்திருந்தது.

இந்தக் குடும்பமும் அவர்களோடு சேர்ந்தவர்களும் சுமார் 800 யூதர்களின் உயிரைக் காத்திருக்கக்கூடும் என்று மதிப்பிடுகிறார்கள். 1967-ல் இஸ்ரேலின் யாத் வாஷெம் அமைப்பு கோரியைக் கௌரவித்தது. காஸ்பரும் பெட்ஸியும் பின்னாளில் அதே கௌரவத்தைப் பெற்றார்கள். 1971-ல் கோரியின் கதை நூலாக வந்தது. ‘மறைவிடம்’ என்று பொருள்படும் அதன் தலைப்பு, காவல் நிலையத்தில் அப்பா மனப்பாடமாகச் சொன்ன அதே சங்கீதத்தில் வரும் சொல்தான். 1983 ஏப்ரல் 15 அன்று, தன் 91-வது பிறந்தநாளில் கோரி காலமானார்.

ஹார்லெமின் அந்த வீடு இன்று அருங்காட்சியகம். மேல்மாடிக்குப் போகிறவர்கள் பார்ப்பதற்காக அந்தப் போலிச் சுவரில் ஒரு திறப்பு வைத்திருக்கிறார்கள். எட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்ன இடத்திலா ஆறு பேர் நின்றார்கள் என்று வியக்கிறார்கள். படியிறங்கி வந்தால் கீழே சாப்பாட்டு அறை. அங்கே ஒரு மேசை, சில நாற்காலிகள். நம் வீடுகளில் இருப்பதைப் போல, மிகச் சாதாரணமானவை.